மாற்றுச் செடி

செடியை விற்றால் ஒரு முறைதான் திட்டு வாங்க வேண்டும். வாடகைக்கு விட்டால் மாதா மாதம் வாங்க வேண்டும். நான் வாடகைக்கு விடுகிறவன். செண்பகத்தோப்பு போகும் வழியில் எனக்கு ஒரு நிழல்வலைப் பந்தல் இருக்கிறது. அங்கிருந்து சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும் குரோட்டன்ஸ் தொட்டிகளை லோடு ஆட்டோவில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோய் வைப்பேன். குரோட்டன்ஸின் நிறம் வெளிச்சத்தில் வருவது. அறைக்குள் வைத்தால் பழைய இலை உதிரும், புது இலை வெறும் பச்சையாக வரும். அதனால் ரொம்பக் கெடுவதற்குள் எடுத்துவிட்டு வேறொன்றை வைப்போம். எடுத்தது பந்தலுக்கு வந்து மெல்லத் தேறும். உங்கள் வீட்டு ஹாலிலும் ஒரு தொட்டி மொட்டையாகிக்கொண்டிருந்தால் இதைப் படியுங்கள், நாம் சொந்தக்காரர்கள்.

நகம்

ராஜபாளையத்தில் ஒரு நகைக்கடை. சோபா ஓரம் வைக்கிற செடி எப்போதும் நகக்குறியோடுதான் திரும்பும். நிஜச் செடியா, பிளாஸ்டிக்கா என்று பார்க்க ஆளுக்கொரு கிள்ளு. ஒருநாள் நான் தொட்டி மாற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா இலையை அழுத்திக் கிள்ளினார். விரலில் பட்ட பாலை சோபாவில் துடைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னார்: "நெசந்தாங்க. காயம் படுது."

டீ

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அலுவலகம். மேனேஜர் அறைக்கு வைக்கும் செடி மட்டும் வேர் அழுகிப் போகும். தொட்டி நிறைய எறும்பு. மண்ணைக் கிளறியபோது ஏலக்காய்த் தோல் கிடைத்தது. மேனேஜர் மிச்ச டீயைத் தினமும் அதில்தான் ஊற்றுகிறார். அவரிடம் நீங்களாவது சொல்லக்கூடாதா என்று அங்கே டம்ளர் எடுக்கும் பெரியவரிடம் கேட்டேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "நான் சொன்னா என்னைய மாத்திருவாக தம்பி. நீங்க செடியவே மாத்துங்க."

துடைப்பு

ராஜபாளையத்திலேயே ஒரு வீடு. ரிட்டயர்டு போலீஸ்காரர் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். மகன் ராணுவத்தில், வடக்கே. வீடியோ காலில் அப்பாவைப் பார்க்கும்போது பின்னால் சுவர் வெறுமையாகத் தெரிகிறது, ஏதாவது கலராக வைக்கவேண்டும் என்று மகன்தான் எனக்குப் போன் செய்தார். அறையில் எந்நேரமும் ஏசி, ஜன்னலைத் திறப்பதில்லை. வேர்த்தால் முதுகில் புண் வரும். பெரியவரைப் பார்த்துக்கொண்டது மருமகள் மாரீஸ்வரி. கல்யாணமான மறு மாதம் மாமனார் விழுந்திருக்கிறார். அன்றிலிருந்து அவள் அந்த அறையில்.

ஏசி காற்றில் இலையடியில் பூச்சி பிடிக்கும், ஈரத்துணியால் துடைக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். அடுத்த முறை போனபோது ஒரு இலையில்கூடத் தூசி இல்லை. காம்பின் இடுக்குவரை துடைத்திருந்தாள். நன்றாகத் துடைக்கிறாயே என்றேன். "மாமாவத் தொடைச்சு கை பழகிருச்சு அண்ணே. இது செத்த லேசு, பொரட்டிப் போட வேணாம்."

பதியன்

பிறகொரு நாள் நான் பழைய தொட்டியை வெளியே தூக்கியபோது மாரீஸ்வரி வாசல்வரை கூடவே வந்தாள். இதை எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டாள். பந்தலைப் பற்றிச் சொன்னேன். "போனா தேறிருமா?" என்றாள். தேறிவிடும் என்றேன். பிறகு, அவள் புருஷனுக்குக் குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது என்றாள். மாமாவுக்கு ஒரு வழி பிறந்ததும் போகவேண்டியதுதான்.

அந்த ஊர்க் குளிருக்கு குரோட்டன்ஸ் தாங்குமா என்றாள். சிறியதாக இருந்தால் ஜன்னலோரம் வெயில்படும்படி வைத்துப் பிழைக்க வைக்கலாம் என்றேன். அடுத்த முறை பதியன் போட்ட சின்னச் செடியொன்றைப் பையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே மாமியார் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவள் பையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அத்தைகிட்ட சொல்லிராதிய. போற ஆசையில மாமா சாகணும்னு இருக்கேன்னு நெனைப்பாவ."

கட்டில்

பெரியவர் இறந்துபோனார். காரியம் முடியட்டும் என்று சில நாள் கழித்துத் தொட்டியை எடுத்துவரப் போனேன். அறையில் அதே ஏசி, அதே கட்டில். கட்டிலில் மாமியார் இருந்தார். கருமாதி வேலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டதாம். ஆபரேஷன் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகன் லீவு முடிந்து வடக்கே கிளம்பிப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் மாமியார் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "செடிய எடுத்துராத தம்பி. மகன் போன்ல பாப்பான்" என்றார்.

மாரீஸ்வரி வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். அதைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு அந்தச் சின்னத் தொட்டியை எடுத்தாள். நான்கைந்து இலைதான் மிச்சம், அத்தனையும் பச்சை. குவார்ட்டர்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தொட்டியை என் கையில் கொடுத்துவிட்டாள். "இதையும் பந்தலுக்குக் கொண்டுபோயிருங்க அண்ணே. இதாவது தேறட்டும்."

மாதா மாதம் அந்த வீட்டுக்கு இன்னும் போய்வருகிறேன். மாற்றி வைக்க எங்களிடம் இருப்பது செடி மட்டும்தான்.