பளபளத்த இரும்புச் சுருள்

1. திங்கள் காலை, அப்பாவின் முட்டைக்கோழிப் பண்ணையில் எச்சத்திலிருந்து எடுக்கும் மீத்தேனை, அதை மின்சாரமாக்கும் என் எரிபொருள் கலத்துக்குத் திறந்துவிட்டேன்.
2. மதியம் வரை மின்னழுத்தம் அசையாமல் நின்றது.
3. மூன்று மணிக்கு மேல் இறங்கத் தொடங்கியது.
4. கலத்தில் கரி படிகிறது என்று நினைத்து, அதைத் தடுக்க வாயுவோடு விடும் நீராவியைக் கூட்டினேன். இறக்கம் நிற்கவில்லை.
5. செவ்வாய் காலை மீத்தேனை மூடி, சிலிண்டர் ஹைட்ரஜனுக்கு மாற்றினேன்.

கலம் என்பது உள்ளங்கை அகலப் பீங்கான் தகடு. உலைச் சூட்டில் வேலை செய்யும். ஒரு முகத்தில் நிக்கல். இருந்தது ஒன்றுதான். கல்லூரியில் இன்னொன்று கேட்க முடியாது. என் இரண்டு வருட ஆய்வு அதை நம்பி இருந்தது.

“கோழிக்குச் சீக்குன்னா மூக்கப் பாத்தே சொல்லிப்போடுவேன். உன்ற பெட்டிக்கு மூக்கே இல்லியே சாமி,” என்றார் அப்பா.

மூக்கு எனக்குத்தான் இல்லை. கோழி எச்ச வாயுவில் கந்தகம் அதிகம். நிக்கலை அது கெடுத்துவிடும். அதைத் தடுக்கத்தான் வழியில் ஒரு டிரம் நிறைய, லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருள். கந்தகம் தப்பினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். முட்டைப் பண்ணையில் அதை யார் கவனிப்பது?

டிரம்மைத் திறந்தேன். சுருள் எண்ணெய்ப் பிசுக்கோடு பளபளத்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குச் சாமான் கடையும் லேத்துக்காரரிடமிருந்து வந்தது அது. போன் செய்தேன்.

“ஏனுங்கண்ணா, சுருள்ல துருவே இல்லீங்களே?”

“உங்க ஊட்டுக்குப் போயி துருப்புடிச்சதக் குடுப்பனா சாமி? அப்பறம் உங்கப்பா மூஞ்சில எப்படி முழிக்கறது? பூராத்தையும் டீசல்ல அலசித்தான் சாக்குல போட்டேன்.”

துருதான் கந்தகத்தைப் பிடிக்கும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் அனுப்பிய பட்டியலில் இருந்தது இவ்வளவுதான்: ‘லேத் இரும்புச் சுருள், இரண்டு சாக்கு.’ கல்லூரி வேலையாக நான் சேலத்தில் இருந்த அன்று அப்பா டிரம்மை நிரப்பினார். மூடியைத் திறக்காமலே அந்த வரிக்கு நேராக டிக் போட்டேன்.

லேத்துக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

இன்று வியாழன். சோப்புத் தண்ணீரில் கழுவிய சுருள் வெயிலில் கிடக்கிறது. அப்பா போகும்போதும் வரும்போதும் தண்ணீர் தெளிக்கிறார். ஓரங்களில் பழுப்பு ஏறியிருக்கிறது. கலம் இன்னும் கந்தகமில்லாத ஹைட்ரஜனில்தான் ஓடுகிறது. இறங்கிய மின்னழுத்தத்தில் பாதி திரும்பி வந்திருக்கிறது. நேற்றிலிருந்து அதே எண். மீதி வருமா என்று தெரியவில்லை. என் ஆய்வு வழிகாட்டிக்கு இன்னும் சொல்லவில்லை.