கிணற்றுத் தெருவுக்கு வந்த பலகை

சித்தூர் வெயிலிலும் கம்பளிக் குல்லாவைக் கழற்றாத மனிதர் அவர். எஸ்டோனியா நாட்டின் தாலின் நகரத்தில் வேலை பார்த்துவிட்டு எங்கள் தெருவுக்கே திரும்பி வந்தவர். நடக்கும்போது கண்ணில் படும் பெயர்ப்பலகையை எல்லாம், தமிழோ தெலுங்கோ, வாய்விட்டுப் படித்துக்கொண்டே போவார்.

எங்கள் கிணற்றுத் தெருவுக்கு ஏதோ ஒரு தலைவரின் பெயரை வைக்கப்போவதாகப் பேச்சு வந்ததும் தெருவே கூடியது. அவர்தான் எழுந்தார்.

"தாலின்ல ஒரு தெருவுக்கு சக்கரக் கிணறுன்னு பேரும்மா. நீளமா இருந்தா நீளத் தெரு. ரொட்டி வித்த சந்து ரொட்டிச் சந்து. இன்னும் அதே பேருதான். நம்ம மட்டும் எதுக்கு மாத்தணும்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. முனிசிபாலிட்டியில் இவரே பேசட்டும் என்று முதலில் கை தூக்கியவள் நான்தான்.

தலைவரின் பெயர் வரவில்லை. தெரு முனையில் நட்ட நீலப் பலகையில் இந்தக் குல்லாக்காரருடைய அப்பாவின் பெயர் இருந்தது.

"கிணத்துப் பேருக்காகப் பேசிக்கினு வரேன்னுதானே போனீங்கண்ணா? இது என்னா?" என்று அவரை மறித்துக் கேட்டேன்.

"நைனா இந்தத் தெருவுலயே பொறந்து இங்கயே போயிட்டாரும்மா. கிணறு எங்க கீது, காட்டு பாப்போம்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் ஒன்றுதான் பிடிபடவில்லை. இன்றும் மருந்துக்கடை, தையற்கடை, பிரியாணிக்கடை என்று படித்துக்கொண்டேதான் வருகிறார். அந்த நீலப் பலகையை நெருங்கியதும் குரல் நின்றுவிடுகிறது. குல்லாவைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைகிறார்.