அக்கா ஏற்றுக்கொண்ட என் பிழை

அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி அத்தான் கேட்டபோது இரண்டு முறை மறுத்தேன். “நீதானே அவகூட வேலை செஞ்சவன். ஒன்ன விட யாருக்குத் தெரியும்?” என்றார். அவர் சொன்னது உண்மை. நான் மறுத்ததற்குக் காரணமும் அதுதான்.

அக்கா புசல்லாவைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் பகுதியில் வேலை செய்தார். அம்மா கொழுந்து பறித்தார். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லாத வருடங்களில் அக்கா பஸ் ஏறி நகரத்துப் பாடசாலைக்குப் போய்ப் படித்தார். அப்பா காலமானபின் குடும்பத்தைக் கண்டிக்கு அழைத்துவந்து அம்பிட்டியவில் வாடகை வீடு பார்த்தவரும் அவரே. என்னைப் படிக்கவைத்தவரும் அவரே.

கனிமப் பரிசோதனை செய்யும் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. “ஏறத்தாழ” என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. வீட்டில் கேக் செய்தாலும் கரண்டிச் சீனியைக் கத்தியால் மட்டம் தட்டித்தான் போடுவார். நாங்கள் சிரித்தால், “சிரிங்க, சிரிங்க, திங்கிறப்ப தெரியும்” என்பார். சில வருடங்கள் கழித்து அவருடைய சிபாரிசில் எனக்கும் அதே நிறுவனத்தில் களப்பணி கிடைத்தது.

அந்தக் காலத்தில்தான் வடக்குக் கடற்கரையின் மணற்குன்றுகளை ஆராயும் வேலை வந்தது. அந்த மணல் கண்ணாடி செய்ய உதவுமா என்பது கேள்வி. குன்றின் மேற்புறத்தில் காற்று சலித்துப் போட்ட மணல் வெள்ளையாக இருக்கும். அடியில் சிப்பித்தூளும் இரும்பு கலந்த கறுப்பு மணலும் கிடக்கக்கூடும். அதனால் துளையிட்டு, மீட்டருக்கு ஒரு பையாக மணல் எடுத்து, ஆழத்தை எழுதிக் கட்டி அனுப்ப வேண்டும். நான் எடுப்பேன், அக்கா சோதிப்பார்.

முதல் மூன்று குன்றுகளில் ஒழுங்காகச் செய்தேன். நாலாவதில் துளை நிற்கவில்லை. குழாயை இறக்க இறக்க உலர்ந்த மணல் சரிந்து மூடிக்கொண்டது. இரண்டு நாள் வெயிலில் போராடினோம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஊர் திரும்ப அவசரம். மூன்றாம் நாள் கூலியாட்களை அனுப்பிவிட்டு, மேல்மணலையே எல்லாப் பைகளிலும் அள்ளினேன். இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் என்று ஆறு வரைக்கும் என் கையாலேயே எழுதினேன்.

பைகளைப் பிரித்து எடை பார்த்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அடிமணல்ல கொஞ்சமாவது ஈரம் இருக்கணுமே. எல்லாம் காய்ஞ்சு கெடக்கு?”

“அங்க வெயில் அப்பிடிக்கா. நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அறிக்கையில் கையெழுத்திட்டார். தம்பியை நம்பியது ஒன்றே அந்த விடயத்தில் அவர் செய்த தவறு.

அறிக்கையை நம்பி, மணலுக்கு உரியவர்கள் அந்த நாலாவது குன்றில் பரீட்சார்த்தக் குழி தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்துக்குக் கீழே சிப்பியும் கறுப்பு மணலும்தான். எங்கள் இருவரையும் மேலாளர் தம் அறைக்கு அழைத்து, “பிழை எடுத்த இடத்திலயா, சோதிச்ச இடத்திலயா?” என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். நான் மேசைக்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அக்கா, “பைகள் என் கையிலதான் மாறியிருக்கு, சேர்” என்றார்.

அந்த மாதமே அவர் வேலையை விட்டு விலகினார். என் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. வாசலில் நின்று வாங்க, வாங்க என்று எல்லோரையும் வரவேற்றவர் அக்கா.

அதன்பின் அவர் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு இரசாயனம் சொல்லிக்கொடுத்தார். வேறு எந்த ஆய்வுகூடத்திலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. நான் படிப்படியாக உயர்ந்து களப்பிரிவுக்குப் பொறுப்பாளரானேன். ஞாயிறுகளில் அவர் வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன், வருவேன். அந்த மணல் விடயத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. அவர் மறந்துவிட்டார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு பகல் நேரம், தனியாக இருக்கையில், “அக்கா, அந்த மணல் விசயம்...” என்று தொடங்கினேன்.

“இப்ப எதுக்கு அது? கல்யாணத்துக்கு ரெண்டு கிழமதான் இருந்திச்சு. நின்டு போயிருந்தா அம்மா தாங்கியிருப்பாங்களா?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா நீ வாயத் தொறப்பேன்னுதான் நெனச்சேன் தம்பி. அன்னிக்குக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றார். அதில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வந்திருக்கும். அன்றும் நான் கேட்கவில்லை. ஆறாம் நாள் அவர் போய்விட்டார்.

சென்ற மாதம் பழைய மேலாளரைத் தேடிப்போய் நடந்ததைச் சொல்லி, எழுத்திலும் கொடுத்தேன். பொறுப்பிலிருந்தும் விலகிவிட்டேன். அவர் கடிதத்தை வாசித்துவிட்டு, “அவங்களப் போல ஒருத்தர் பிறகு கிடைக்கவேயில்ல. ஒரு வருசத்துக்குள்ள சொல்லியிருந்தாலும் திரும்பக் கூப்பிட்டிருப்பேன்” என்றார்.

அக்காவைக் கவனமில்லாதவர் என்று நம் வீட்டு விசேடங்களில் பேசிய உறவுகளே, நீங்கள் பேசியபோது நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மேல் குற்றமில்லை. அவர் செய்த எந்தச் சோதனையிலும் பிழை இருக்கவில்லை. இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

நோயில் அவரைத் தாங்கிய மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், முறைவைத்து வந்து பக்கத்தில் இருந்த அவருடைய மாணவிகளுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அம்பிட்டிய அயலவர்களுக்கும், புசல்லாவையிலிருந்து வந்து சேர்ந்த தோட்டத்து உறவுகளுக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கும் அன்றுதான் தெரியும். கட்டியவரிடம்கூட அக்கா என்னைக் காட்டிக்கொடுத்திருக்கவில்லை. வெகுநேரம் அவர் என்னைப் பார்க்கவில்லை. பிறகு தாள்களை என் கையில் திருப்பித் தந்து, “ஒரு வரியும் வெட்டாமப் போடு” என்றார்.

வெட்டவில்லை, அத்தான்.