வாழ்த்துரையில் வந்த அணுகுண்டு

என் அண்ணனுக்கு மைக் கிடைத்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் காதுகுத்து, புதுமனை, கல்யாணம் எதுவானாலும் மேடையில் வாழ்த்துரை என்று ஒன்று உண்டு. கட்சிக்காரர்கள் வரிசையாக ஏறுவார்கள். மணமக்களை ஒரு வரியில் வாழ்த்திவிட்டு மீதி நேரமெல்லாம் நாட்டைத் திருத்துவார்கள். எத்தனையோ கல்யாணங்களில் இதைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். என் மகன் கல்யாணத்தில் சிரிக்க முடியவில்லை.

அறந்தாங்கியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பெண் கட்டுமாவடிப் பக்கம். பெண்ணின் அப்பா வளைகுடாவில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறார். அந்தக் கடலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் நாடு அணுகுண்டு செய்கிறதா இல்லையா என்பதுதான் அப்போது உலகத்துக்கே பெரிய வழக்கு. அதனால் விமானங்கள் ரத்தாகி, டிக்கெட் எடுத்திருந்தும் அவரால் வர முடியவில்லை. மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க அவருடைய தம்பி நின்றார். அப்பா அங்கிருந்தபடியே செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி ஏறும்போது பெண்ணின் அம்மா அந்தப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். அட்சதை போடக்கூட அவருக்குக் கை இல்லை.

முந்தின நாள்தான் ஒரு பெரிய நாட்டின் தலைவர் தொலைக்காட்சியில் பேசியிருந்தார். பேசித் தீர்க்கத் தயார் என்றார். ஒத்துவராவிட்டால் அந்த நாட்டின் அணு நிலையங்களை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடுவேன் என்றும் அதே மூச்சில் சொன்னார். நம் கட்சிகள் அந்தப் பேச்சை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டன. அண்ணனுடைய கட்சி மிரட்டலை வரவேற்றது. பெண்ணின் சித்தப்பா, அதாவது தாரை வார்க்க நின்ற அந்தத் தம்பி, வேறு கட்சி. அவர்கள், நம் அரசாங்கம் ஏன் இன்னும் கண்டிக்கவில்லை என்று அறிக்கை விட்டார்கள். பந்தக்கால் நட்ட இடத்திலேயே இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. அறந்தாங்கியில் தீர்மானம் போட்டால் அந்தத் தலைவருக்குத் தூக்கம் போய்விடும் என்று இருவருமே மனதார நம்புவது போலத்தான் எனக்குப் பட்டது.

தாலி ஏறியதும் முதல் மைக் தாய்மாமனுக்கு. அது முறை. அண்ணன் துண்டைச் சரி செய்துகொண்டு தொடங்கினார்.

“நேத்து அந்தத் தலைவர் பேசினாரே, அது ஆம்பளைப் பேச்சு! பேசிப் பாப்பேன், ஒத்து வரலையா, அடிச்சுத் தரைமட்டமாக்கிருவேன். இதுக்குப் பேருதான் ராஜதந்திரம். மாப்பிள்ளையும் இதைக் கத்துக்கணும்!”

மண்டபமே சிரித்தது. என் மகனும் சிரித்தான். பெண் சிரிக்கவில்லை. அண்ணன் இன்னும் குரலை ஏற்றினார். “போடட்டுங்க ரெண்டு குண்டு! அந்தக் கரையே பத்தி எரியட்டும், நமக்கு என்ன வந்துச்சு?” கைதட்டல் கிளம்பியது. பெண்ணின் அம்மா போனை மெல்லக் கீழே இறக்கி முந்தானைக்குள் மூடினார். புருஷன் காதில் விழக்கூடாதாம். ஸ்பீக்கர் பெட்டி மண்டபத்தின் நாலு மூலையிலும் அலறிக்கொண்டிருந்தது.

அப்போதே நான் எழுந்து, “போதும்ணே” என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா நான். அங்கே என்னைத் தவிர அவரைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் தாய்மாமன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார் என்ற பேச்சு ஒரு கல்யாணத்தில் வந்தால் அது தலைமுறைக்கும் போகாது. எனக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் மணமக்களுக்குப் பக்கத்தில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்தது என்று நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சித்தப்பா சும்மா இருப்பாரா? மேடையில் பாதி ஏறியபடியே மைக்கைப் பிடுங்கினார். “பேசித் தீக்கத் தயார்னும் அதே வாய்தாங்க சொல்லுச்சு. அதை ஏன் சம்பந்தி மறைக்கிறாங்க? எங்க கட்சி அமைதியைத்தாங்க கேக்குது.” அவர் கட்சிக்காரர்கள் விசிலடித்தார்கள். அமைதிக்கு அவ்வளவு சத்தம். அண்ணன் விடவில்லை. “அங்க இருக்கிற ஆளையே கேப்பமே! பொண்ணோட அப்பா சொல்லட்டும். போனைக் குடுங்க மதினி.” சித்தப்பாவும், “ஆமா, எங்கண்ணன் சொல்லட்டும்” என்றார். கல்யாண வீட்டில் முதல்முறையாக இரண்டு கட்சியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வாழ்த்துச் சொல்ல, போனை மைக்கில் வைப்பது இங்கே வழக்கம். பெண்ணின் அம்மா தயங்கினார். என்னைப் பார்த்தார். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அண்ணன் போனை வாங்கி மைக்கோடு சேர்த்துப் பிடித்தார். “சம்பந்தி, நேத்துப் பேச்சு சரியா தப்பா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

மகள் கல்யாணத்தன்று ஒரு தகப்பனிடம் கேட்ட கேள்வி இது.

அவர், “எல்லாரும் வந்திருக்கீங்களா? ரொம்ப சந்தோசம். ஒருத்தரும் சாப்பிடாமப் போயிறாதீங்க. மாப்பிள்ளை, எம் புள்ளைய…” என்றார். அதற்குள் ஒரு சத்தம் கிளம்பியது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. நாலு மூலைப் பெட்டிகளிலும் ஊளையிட்டது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. மைக் இரைகிறது என்று மைக்செட்காரர் ஓடிப்போய்த் திருகைக் குறைத்தார். குறையவில்லை. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று போனில் பெண்ணின் அப்பா குரல் கேட்டது. அத்தோடு போன் நின்றுவிட்டது.

அண்ணன் மைக்கை விடவில்லை. “கடல் கடந்து வந்த வாழ்த்து! பலத்த கைதட்டல் குடுங்க!” எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே பெண் என் பக்கம் குனிந்தாள்.

“அத்தை, அது மைக் சத்தம் இல்ல. அப்பா இருக்கிற எடத்துல அலாரம் அடிக்குது. ஏதாவது வானத்துல வந்தா அப்படித்தான் அடிக்கும்.”

என் கை அப்படியே நின்றது. அவள் கையில் போனைக் கொடுக்கும்படி அண்ணனிடம் சொன்னேன். அவள் மாலையும் கழுத்துமாக, ஆட்கள் மொய்க் கவரை நீட்ட நீட்ட, ஒரு கையால் வாங்கி மறு கையால் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மணி போகவே இல்லை. போட்டோக்காரர், “கொஞ்சம் சிரிங்கம்மா” என்றார். அவள் சிரித்தாள். அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் வந்தால் நான் சேர்த்துப் புரட்டிவிடுவேன்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். அண்ணனும் சித்தப்பாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சண்டையெல்லாம் மேடையோடு சரி. “அண்ணே, அவருக்குப் போன் போகலையாம். அங்க அலாரம் அடிச்சிருக்கு” என்றேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். “பாத்தியா, நான் சொன்னேன்ல, நெலமை சூடாகுதுன்னு” என்றார். அதில் ஒரு பெருமை இருந்தது. கூடப் பிறந்தவன் முகத்தைப் பார்த்து அப்படி அருவருப்புப் பட்டது அன்றைக்குத்தான். அந்த அருவருப்பு என்னை விட்டுவிட்டு அவரோடு மட்டும் நிற்கவும் இல்லை. அந்த மைக்கை அவருக்குக் கொடுத்த வீடு என் வீடு.

கடைசிப் பந்தி நடக்கும்போது போன் வந்தது. மணமகள் அறையில் நாங்கள் மூன்று பெண்கள்தான் இருந்தோம். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஒண்ணுமில்லத்தா. எல்லாரையும் கீழ்த்தளத்துக்கு எறக்கிட்டாங்க. அங்கிட்டு டவர் இல்ல. இப்பத்தான் மேல வந்தேன். நீ சாப்டியா?”

பெண்ணின் அம்மா சுவரில் சாய்ந்து அழுதார். எனக்கும் உயிர் வந்தது. போனில் அவர் விசாரித்தார். “பக்கத்துல தங்கச்சி இருக்காங்களா? குடும்மா, ஒரு வார்த்தை பேசணும்.” சம்பந்தம் ஆனதிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அண்ணன் முறை. நான் போனை வாங்கினேன். அண்ணன் பேசியதற்குக் கேட்கப்போகிறார், கேட்கட்டும், காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி, மன்னிச்சுக்கங்க. நல்ல காரியத்துல, அதுவும் மைக்குல, அந்தச் சத்தம் கேட்டுருச்சு. அபசகுனம்னு நெனச்சிறாதீங்க. எம் புள்ளைய அதை வச்சு யாரும் ஒண்ணும் சொல்லிறாம நீங்கதான் பாத்துக்கணும்.”

பெண்ணைக் கொடுத்தவர்கள் எதற்கும் மன்னிப்புக் கேட்பார்கள். வாங்கியவர்கள் பெரிய மனது பண்ணுவார்கள். எத்தனை கல்யாணத்தில் பார்த்துப் பழகிய வழக்கம்! நான் சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. “பரவாயில்லைங்கண்ணே” என்றேன்.

“ரொம்ப நன்றி தங்கச்சி” என்றார்.

அவள் என் கையிலிருந்து போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ் அத்தை” என்றாள். அவள் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.