தம்பி எடுக்கச் சொன்ன வரி

மருத்துவமனைச் செயலியில் டாக்டர்கள் பதிவு செய்யும் நோயின் பெயருக்குக் கீழே, அது என்னவென்று நோயாளிக்குப் புரியும்படி நாலு வரி எழுதுவதுதான் அவளுடைய வேலை. வாயில் நுழையாத பெயரைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இத யாருக்கு எழுதுறீங்க டாக்டர், நோயாளிக்கா உங்களுக்கா?" என்று நேராகவே மல்லுக்கு நிற்பாள்.

எழுதியதை முதலில் வீட்டில் தம்பிக்கு வாசித்துக் காட்டுவாள். அவன் பஸ் டிரைவர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டு "புரியுது" என்று அவன் சொன்னால்தான் அது செயலியில் ஏறும்.

ஒருநாள் ஒரு நுரையீரல் நோயைப் பற்றி வாசித்தபோது அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"கடைசி வரிய எடுத்துடுக்கா. படிக்கிறவனுக்கு ஈரக்குலையே நடுங்கிடும்."

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்த வரியை எடுத்துவிட்டு, 'மருந்தால் கட்டுப்பாட்டில் வைக்கலாம்' என்று போட்டாள். பக்குவமாக எழுதியிருப்பதாக மேலதிகாரி பாராட்டினார்.

பிறகு தம்பிக்கு விடாத இருமல் வந்தது. பரிசோதனை முடிவு, டாக்டரைப் பார்க்கும் முன்பே அந்தச் செயலி வழியாக அவன் போனுக்கு வந்துவிட்டது. டிப்போவிலிருந்து அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, 'கட்டுப்பாட்டில் வைக்கலாம்'னு போட்டிருக்கு. நீ எழுதினதுதானே?"

"ஆமாண்டா" என்றாள்.

"அன்னைக்கு நான் எடுக்கச் சொன்னேனே ஒரு வரி, அது மறந்துபோச்சுக்கா. ஒரு தடவ வாசி."