பவதாரணி கொடுத்துவிட்ட அப்டேட்

முத்துப்பிரியா பிறந்த ஊர் சிலமலை. போடியில் பி.காம். படித்து முடித்த கையோடு லிங்கேஸ்வரனைக் கட்டிக்கொண்டு மலையேறியவள். அவனுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, தகரக் கூரை, சன்னலைத் திறந்தால் உள்ளே வந்துவிடும் மேகம். முதல் வருடம் முழுக்க அங்கே என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை. பிறகுதான் மதுரைக் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தபடியே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து ஏற்றும் வேலை கிடைத்தது.

செல்போன் சிக்னல், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்பக்கம்தான் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்து, சாரல் அடித்தால் சுவரோரம் ஒதுங்கி, அவள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். பில்லில் தப்பிருந்தால் பிரியா கண்ணுக்குத் தப்பாது என்று பெயரும் எடுத்தாள்.

கொழுந்தன் பிரதீப்புக்குக் கல்யாணமாகி, பவதாரணி போடியிலிருந்த மாமியார் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அவளுக்கு அதே கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தது பிரியாதான். போனிலேயே பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். பின்னால் அதை நினைத்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போடி வீட்டில் ஃபைபர் கனெக்‌ஷன் இருந்தது. வீடியோ மீட்டிங்கில் பவதாரணியின் மூக்குத்திகூடப் பளிச்சென்று தெரியும். பிரியாவின் முகமோ வாய் திறந்தபடி பாதிப் பேச்சில் உறைந்து நிற்கும். ஒருமுறை அப்படி நின்றபோது யாரோ சிரித்தது அவளுக்குக் கேட்டது. டீம் லீடர் இடம் காலியானபோது மேனேஜர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லை முத்துப்பிரியா. ஆனா லைன் நிக்க மாட்டேங்குதே."

அந்த இடம் பவதாரணிக்குப் போனது. "ரொம்பச் சந்தோசம் பவா" என்று போனில் சொல்லிவிட்டு, பிரியா அன்று சோறு வைக்காமல் படுத்துக்கொண்டாள். உடம்புக்கு என்ன என்று லிங்கேஸ்வரன் கேட்டான். தலைவலி என்றாள்.

இந்த நிலையில்தான் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. எல்லோரும் கம்ப்யூட்டரைப் புதிய விண்டோஸுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு லாகின் ஆகாது. தகவலை அனுப்பியிருந்தவள் பவதாரணி. "டீம், தயவுசெய்து தாமதிக்க வேண்டாம்" என்று அதில் எழுதியிருந்தாள். 'டீம்' என்ற அந்தச் சொல்லையே பிரியா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறக்க வேண்டிய ஃபைல் மலைபோல இருந்தது. செல்போனில் ஒரு நாளைக்குக் கிடைக்கிற டேட்டா அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. லிங்கேஸ்வரனின் போனையும் பிடுங்கிக்கொண்டாள். நாற்காலியில் லேப்டாப்பை வைத்து, மேலே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, திரையில் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்தபடி நின்றாள். ஊர்ந்து ஊர்ந்து பாதியைத் தொடும்போது மேகம் இறங்கும், சிக்னல் அறுந்துபோகும், 'டவுன்லோடு தோல்வி' என்று வரும். மறுபடி முதலிலிருந்து. ஸ்டோருக்கு மூட்டை கொண்டுவரும் பெண்கள், "என்னத்தா, லேப்டாப்புக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை போடிக்குப் போய் வந்த லிங்கேஸ்வரன், சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினான்.

"பவா குடுத்துவிட்டுச்சு. அந்த அப்டேட்டு முழுசும் இதுல இருக்காம். ஜீப்பு கெளம்புற நேரத்துல ஓடியாந்து குடுத்துச்சு."

"யாரு கேட்டா?"

"கேக்காமத்தான் குடுத்துவிட்டிருக்கு. வெரசாப் போட்டு சோலியை முடி."

பிரியா அதை வாங்கி, அடுக்களை அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். பவதாரணி தருவதை வாங்கித்தான் தன் வேலை நடக்க வேண்டுமா என்று அவளுக்கு இருந்தது. வியாழன் மழையிலும் அவள் ஸ்டோருக்குப் பின்னால்தான் நின்றாள். வெள்ளியும் அப்படியே போனது. சனிக்கிழமை காலையில் லாகின் திறக்கவில்லை.

அடுத்த நிமிடமே பவதாரணி கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க பேரு சிவப்புல காட்டுது. பென்டிரைவைப் போடலையா?"

"போட்டுப் பாத்தேன் பவா. அது ரீடே ஆகலை." பொய் தடையில்லாமல் வந்தது.

"அய்யய்யோ, நான்தான் செக் பண்ணிக் குடுத்துவிட்டிருக்கணும். நீங்க கவலப்படாதீக, வேற ஒண்ணுல போட்டு எடுத்துக்கிட்டு நானே வர்றேன்."

"நீ எதுக்கு..." என்று பிரியா இழுப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

மதியத்துக்கு முன்பே தோட்டத்து ஜீப்பிலிருந்து பவதாரணி இறங்கினாள். கொண்டை ஊசி வளைவுகள் அவளை ஒருவழியாக்கியிருந்தன. முகம் வெளுத்து, முந்தானையில் வாந்தி தெறித்திருந்தது. பிரியா வெந்நீர் வைத்து, தன் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சேலை மாற்றிக்கொண்டு அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்க வந்த பவதாரணி, அலமாரியில் டம்ளர் தேடும்போது மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் அந்தப் பென்டிரைவைப் பார்த்துவிட்டாள்.

"இதுதானேக்கா? என்னதான் ஆச்சுன்னு பாப்போம்."

பிரியாவால் தடுக்க முடியவில்லை. லேப்டாப்பில் செருகியதும் அது திறந்துகொண்டது. ஒரு குறையும் இல்லாமல் முழு ஃபைலும் உள்ளே இருந்தது. பவதாரணி திரையைப் பார்த்தாள். பிரியா தரையைப் பார்த்தாள்.

"குளுருல சமயத்துல இப்பிடித்தான் ரீடாகாது போல" என்றாள் பவதாரணி, மெதுவாக.

அந்தப் பரிவைப் பிரியாவால் தாங்க முடியவில்லை.

"குளுரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் அதைப் போடவே இல்ல பவா. நான் வேலை சொல்லிக் குடுத்த புள்ள நீ. நீ எனக்கு லீடர்னா வயிறு எரியுது. உன் நெட்டைப் பாத்தா எரியுது, உன் மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சா எரியுது. போதுமா?"

பவதாரணி இன்ஸ்டால் பொத்தானை அழுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் உங்க மேல எரிச்சல்தான்க்கா. உங்களுக்கு நெட்டு போனா அன்னைக்கு சோலி இல்ல. மாமாவோட ஏலத்தோட்டத்துக்குள்ள நடந்து போறீக, போட்டோ அனுப்புறீக. எனக்கு நெட்டு போகவே மாட்டேங்குது. அத்தை ஒரு பக்கம் குழம்பு வைக்கச் சொல்றாக, மேனேஜர் ஒரு பக்கம் கூப்புடுறாரு. ஞாயித்துக்கிழமையும் கூப்புடுறாரு. 'பவாவுக்குத்தான் லைன் நல்லா இருக்கே'ன்னு எல்லாரோட வேலையும் என் தலையில விழுகுது. நீங்க மலையில ராணி மாதிரி இருக்கீகன்னு உங்க கொழுந்தன்கிட்ட எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன் தெரியுமா?"

"நானா ராணி? மழையில குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்டி."

"அதை யாரும் போட்டோ எடுத்து அனுப்பலையே."

பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. இருவரும் ரசமும் கருவாடும் வைத்துச் சாப்பிட்டு முடிக்கையில், லேப்டாப் தானாக அணைந்து மீண்டும் எழுந்து, புது முகத்தைக் காட்டியது. சாயங்கால ஜீப்பில் பவதாரணி கீழே இறங்கிப் போனாள். பிரியாவின் சேலையை அவள் திருப்பித் தரவில்லை, பிரியாவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை லாகின் திறந்தது. அடுத்த வாரமே பிரியா மேனேஜரிடம் பேசினாள். லீடர் வேலையில் பில் சரிபார்ப்புப் பகுதியைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், அதற்கு மீட்டிங் தேவையில்லை என்றும் சொன்னாள். பவதாரணியும் அதையே எழுதி அனுப்பினாள். மேனேஜர் ஒத்துக்கொண்டார். பவதாரணிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. ஆனால் லீடர் என்ற பெயர் பவதாரணியிடமே இருந்தது.

பிரியா இப்போது மாதம் ஒருமுறை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போடிக்கு இறங்குகிறாள். அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அப்டேட்டுகளை இறக்கிக்கொள்கிறாள். மலையில் நாள்கணக்காக ஊர்ந்த பச்சைக் கோடு, அங்கே பவதாரணி காபி ஆற்றி முடிப்பதற்குள் ஓடி முடிந்துவிடுகிறது. அதைப் பார்க்கும்போது பிரியாவுக்கு வயிறு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. அதை அவள் மறைப்பதில்லை.

"எரியுதாக்கா?" என்று பவதாரணி கேட்பாள்.

"எரியுது. காபியில இன்னுங் கொஞ்சம் சீனி போடு."