பதினோராம் பக்கம்

ஜனவரி பதினெட்டு, ஞாயிறு, காலை பத்து இருபது. பனி விலகி இளவெயில் அடித்தது. அடையாறில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடிக் கூடத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் உட்கார்ந்து, நான் தொகுத்த பொங்கல் மலரிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒன்றாக நாற்பத்தெட்டுப் பிரதிகள். நான் போனபோது இருபத்து மூன்று முடிந்திருந்தது.

கிழிபட்டது பதினோராம் பக்கம். மூன்றாம் மாடியில் இருக்கும் முஸ்லிம் அம்மா, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, நோன்புக் கஞ்சி காய்ச்சும் விதத்தை அதில் எழுதியிருந்தார்.

"என்ன சார் இது?"

"கொத்துக்கறின்னு போட்டிருக்கு சார். பொங்கல் மலர்ல போய் இதையா போடுவாங்க? நாலு பேர் மனசு புண்படும்ல?"

"இருபத்தோராம் பக்கத்துல கருவாட்டுக் குழம்பு இருக்கே. அது புண்படுத்தாதா?"

"அது நம்மாளுங்க சமையல் சார்."

கொஞ்சமும் கூசாமல் சொன்னார். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் மறுபாதியும் கழன்றுவிடும். அது அவருக்குத் தெரியவில்லை. கருவாடு இருந்த தாள்கள் இருபத்து மூன்றும் தரையில் கிடந்தன. அவற்றை மட்டும் பொறுக்கி, டேப் போட்டு ஒட்ட ஆரம்பித்தார். பிடிக்காத பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். அடுத்தவர் படிக்கக்கூடாது என்று கிழிக்க இவர் யார்?

ஒரு கிழிந்த தாளோடு மூன்றாம் மாடிக்கு இறங்கி, நடந்ததைச் சொன்னேன்.

"விடுங்க சார்," என்றார் அந்த அம்மா. "தினமும் அவங்களோட ஒரே லிப்ட்ல போகணும்."

நகல் எடுத்து எல்லா வீட்டுக்கும் கொடுக்கப்போவதாகச் சொன்னேன்.

"அப்ப என் பேரை எடுத்துடுங்க."

"எடுத்தா அவர் கிழிச்சது சரின்னு ஆயிடும்மா."

கதவைப் பிடித்தபடி தாளை வாங்கிப் பார்த்தார்.

"கறி நூறு கிராம்னு அடிச்சிருக்கீங்க. நான் எழுதிக் கொடுத்தது நூத்தம்பது. அதைத் திருத்துங்க. பேரோடயே போடுங்க."

திருத்தினேன். மாலைக்குள் நாற்பத்தெட்டுக் கதவுகளுக்கு அடியிலும் செருகினேன். ஏழு நகல்கள் கசங்கி என் வாசலுக்குத் திரும்பி வந்தன. ஒன்றின் ஓரத்தில், கறி இல்லாமல் செய்தால் ருசிக்குமா என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

மறுநாள் செயலாளர் எனக்கு அபராதம் விதித்தார். எந்த விதிப்படி என்று கேட்டேன். நேற்று ராத்திரி கமிட்டியில் போட்ட விதியாம். ரசீதில் 'மதப் பிரசாரத் துண்டறிக்கை' என்று எழுதியிருந்தார். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் போட்ட கஞ்சி, மதப் பிரசாரம்!

நகல் ஒன்று மூன்று ரூபாய் வீதம் நூற்று நாற்பத்து நான்கு. அபராதம் ஐந்நூறு. ஆக, அந்த ஒரு பக்கத்துக்கு நான் கொடுத்தது அறுநூற்று நாற்பத்து நான்கு ரூபாய்.